ஜெர்மானியர் கற்றுத்தந்த கால்பந்து

பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் ஜெர்மனி என்றாலே போர்தான். முதல் உலகப் போர், வெர்செயில்ஸ் உடன்படிக்கை, ஹிட்லர், இரண்டாம் உலகப் போர், 1945-இல் சரணாகதி. அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. இவ்வாண்டு அப்பாடத்தை நடத்தி முடித்த எங்கள் ஆசிரியை புத்தகத்தை மூடிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "சண்டை போட்ட அத்தனை லட்சம் வாலிபர்களும் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்திருப்பார்கள்?" எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. விடையைத் தேடி வரும்படி வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஒரு குழுவுக்கு விஞ்ஞானம், ஒரு குழுவுக்கு இசை, ஒரு குழுவுக்குத் தொழிற்சாலைகள். எங்களுக்கு வந்த சீட்டில் 'விளையாட்டு' என்றிருந்தது.

முதலில் எங்களுக்குச் சப்பென்று போயிற்று. மற்றவர்கள் பெரிய பெரிய பெயர்களை எழுதிக்கொண்டு வருவார்கள், நாம் பந்தைப் பற்றி என்னத்தை எழுதுவது என்று நினைத்தோம். கால்பந்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கோடையில் காவிரியில் தண்ணீர் வற்றியதும் வேலூர்ப் பாலத்தின் கீழ் மணல்திட்டில் அண்ணன்மார் மாலைவரை ஆடுவார்கள் என்பதும், வீட்டுக்கு வந்து திட்டு வாங்குவார்கள் என்பதும்தான். தேடத் தொடங்கிய பிறகோ நிறுத்த முடியவில்லை. கண்டவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

கல்கத்தாவிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் கால்பந்துக்குத் தலைநகரம் அதுவே. அங்குள்ள மோகன் பகான் கழகம் 1889-இல் தோன்றியது. 1911 ஜூலை 29-ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், ஆங்கிலேயப் படைப்பிரிவான கிழக்கு யார்க்ஷயர் அணியை 2-1 என்ற கணக்கில் அக்கழகம் வென்றது. நம் ஆட்டக்காரர்களில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்து ஆடிய ஒரே ஒருவர் சுதீர் குமார் சாட்டர்ஜி. அவர் கிறிஸ்தவர், பின்னாளில் போதகர் ஆனவர். ஆண்டவர்களை அடிமைகள் ஆட்டக்களத்தில் வென்ற நாள் என்று வங்காளத்தில் இன்றளவும் அந்த வெற்றியைக் கொண்டாடுகிறார்கள்.

அதே மோகன் பகான் 97 ஆண்டுகள் கழித்து, 2008 மே 27-ஆம் நாள், ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கழகத்துடன் கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஆடியது. அன்று கூடியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்கள் வந்தது வெற்றி தோல்வி பார்க்க அன்று. பேயர்ன் மியூனிக்கின் கோல் காவலர் ஆலிவர் கான் விடைபெறும் வேளையில் அந்தக் கழகத்திற்காக ஆடிய ஆட்டம் அது. 2002-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். கோல் காவலர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. இரண்டாம் பாதியில் அவர் தம் இடத்தை மைக்கேல் ரென்சிங் என்னும் இளையவரிடம் விட்டு வெளியேறினார். மோகன் பகான் 3-0 என்று தோற்றது. தோற்றதைப் பற்றி அன்று எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஊர் ஊராகச் சென்று ஆடக்கூடிய அத்தனை பெரிய வீரர் விடைபெறுவதற்குக் கல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று எங்கள் குழுவில் ஒருத்தி கேட்டாள். விளம்பரத்திற்காக இருக்கலாம், இரசிகர் கூட்டத்திற்காகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு விடை தேடப் போன இடத்தில்தான், மோகன் பகானுக்கும் பேயர்ன் மியூனிக்குக்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் உறவு இருந்ததைக் கண்டோம். அந்த உறவைப் பற்றிப் பத்திரிகைகள் பெரிதாக எழுதியதாகத் தெரியவில்லை. எங்களுக்கோ ஆலிவர் கானின் ஆட்டத்தைக் காட்டிலும் அதுவே பெரிதாகப்பட்டது.

அந்த உறவின் பெயர் டெட்மார் கிராமர். 1925-இல் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். ஆள் குள்ளம். ஐந்தேகால் அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 1960-இல் ஜப்பான் நாட்டினர் அவரை அழைத்தனர். நான்கு ஆண்டுகளில் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவிருந்தன. சொந்த ஊரில் நடக்கும் பந்தயத்தில் சொந்த அணி தலைகுனியக் கூடாதே என்பது அவர்கள் கவலை. கிராமர் அங்குச் சென்றதும் தமக்கென ஒதுக்கிய வசதியான ஓட்டலில் தங்காமல், ஆட்டக்காரர்களோடு அவர்கள் தங்கிய விடுதியிலேயே தங்கினார். அவர்களைப் போலவே குச்சிகளால் உணவு உண்ணப் பழகிக்கொண்டார். முதற்பாடமாக அவர் கற்றுக்கொடுத்தது பந்தை உதைப்பதும் நிறுத்துவதுந்தான். வளர்ந்த ஆண்களுக்கு அரிச்சுவடி! 1964-இல் டோக்கியோவில் ஜப்பான் அணி அர்ஜென்டினாவை 3-2 என்று வென்றது. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமே பெற்றுவிட்டது. ஜப்பானியர் இன்றும் அவரைத் தங்கள் கால்பந்தின் தந்தை என்கின்றனர்.

1969-இல் ஆசிய நாடுகளின் பயிற்சியாளர்களுக்கென ஜப்பானில் ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியவர் கிராமர். அதில் மாணவராக அமர்ந்தவர்களில் ஒருவர் நம் பி.கே.பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் வீரர். அத்தனை புகழ் பெற்ற பிறகும் முப்பத்து மூன்று வயதில் நோட்டும் பேனாவுமாக மீண்டும் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார். (நாமோ அரைப்பரீட்சை முடிந்ததும் எல்லாம் படித்தாகிவிட்டது என்கிறோம்.) அடுத்த ஆண்டே, 1970-இல், பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜி.எம்.எச்.பாஷாவும் அவரும் பயிற்றுவித்த இந்திய அணி வெண்கலம் பெற்றது. அதன் பிறகு இந்தியக் கால்பந்து ஆசிய விளையாட்டில் பதக்கம் எதையும் பெறவில்லை என்பதை வருத்தத்துடன் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

பானர்ஜி பின்னர் ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்குப் பயிற்சியாளர் ஆனார். 1975 செப்டம்பர் 30-இல் கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் அக்கழகம் மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்தது. அடுத்து அவரையே மோகன் பகான் தன் பக்கம் அழைத்துக்கொண்டது! 1977 செப்டம்பர் 24-ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தபோது பயிற்சியாளராக நின்றவர் பானர்ஜியே. அந்நாட்களில் அவருடைய ஆசான் கிராமர் எங்கிருந்தார் தெரியுமா? பேயர்ன் மியூனிக்கில். 1975-இல் பாரிஸ் நகரில் லீட்ஸ் யுனைடெட் என்ற ஆங்கிலக் கழகத்தை 2-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது பேயர்ன். 1976-இலும் பெற்றது. ஆசான் மியூனிக்கில், மாணவர் கல்கத்தாவில். ஒருவர் கற்பித்த பாடமே இரு நகரங்களிலும் நடந்துகொண்டிருந்தது. கிராமர் 2015-இல் தம் தொண்ணூறாம் வயதிலும், பானர்ஜி 2020-இல் தம் எண்பத்து மூன்றாம் வயதிலும் மறைந்தனர்.

இவரைப் போலவே மேற்கு ஜெர்மனி நாடு பயிற்சியாளர் பலரை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பியது. மருத்துவரையும் பொறியாளரையும் அனுப்புவது போல இதையும் ஓர் உதவியாகவே கருதினார்கள். அவ்வாறு 1972-இல் பர்மாவுக்கு வந்தவர் பெர்ட் டிராட்மன். நம் மாவட்டத்து மூதாதையர் சிலர் கப்பலேறிப் போன நாடல்லவா பர்மா! அவ்வாண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய பர்மா அணி, ரஷ்யாவிடமும் மெக்சிகோவிடமும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்று, சூடானை 2-0 என்று வென்றது. டிராட்மன் பின்னர் பாகிஸ்தான், தான்சானியா, லைபீரியா முதலிய நாடுகளிலும் பணி செய்தார். இந்தப் பெயரை நாங்கள் நோட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்போம். ஆனால் அவர் யார் என்று பார்த்தபோது, ஆசிரியை கேட்ட கேள்விக்கு முழு விடை இவர் ஒருவரே என்று தெரிந்தது.

டிராட்மன் 1923 அக்டோபர் 22-இல் பிரேமன் துறைமுக நகரில் பிறந்தார். பத்து வயதிலேயே ஹிட்லரின் சிறுவர் படையில் சேர்ந்தவர். பதினேழு வயதில் போருக்குப் போனார். வானிலிருந்து குதிக்கும் படையில் சேர்ந்து ரஷ்யப் போர்முனையில் மூன்று ஆண்டுகள் போரிட்டார். இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றார். ரஷ்யர் பிடித்தனர், தப்பினார். பிரான்சில் பிடிபட்டார், தப்பினார். 1945-இல் ஒரு வேலியைத் தாண்டிக் குதித்தபோது ஆங்கிலச் சிப்பாய்களின் காலடியிலேயே விழுந்தாராம். "தேநீர் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார்களாம். அதன்பின் தப்ப முயலவில்லை.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியிலிருந்த கைதிகள் முகாமில் அவர் வைக்கப்பட்டார. அங்கே கைதிகள் கால்பந்து ஆடினார்கள். டிராட்மன் முதலில் களத்தில் ஓடி ஆடுபவர். ஒருநாள் ஆட்டத்தில் அடிபட்டதால் கோல் காவலருடன் இடம் மாற்றிக்கொண்டார். அப்படி நின்றவர் நின்றவர்தான்! 1948-இல் விடுதலை கிடைத்தது. தாய்நாடு திரும்பலாம் என்றார்கள். அவர் திரும்பவில்லை. பண்ணையில் வேலை செய்தார். போரில் விழுந்து வெடிக்காமல் மண்ணுள் கிடந்த குண்டுகளை அப்புறப்படுத்தும் வேலையும் செய்தார். தம் நாட்டார் எறிந்த குண்டுகளைத் தாமே தோண்டி எடுத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். ஓய்வு நேரத்தில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறிய கழகத்திற்கு ஆடினார்.

1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி கழகம் அவரை எடுத்துக்கொண்டது. ஊரே கொதித்தது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். மான்செஸ்டரில் குண்டு விழாத தெரு குறைவு, மகனையோ கணவனையோ இழக்காத குடும்பமும் குறைவு. யூத மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்த நகரமும் அதுவே. இருபதாயிரம் பேர் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் அதைத் திருப்பித் தரும்படி கடிதம் எழுதினர். அவர்கள் செய்தது தவறு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நம் வீட்டில் ஒருவரைக் கொன்ற படையைச் சேர்ந்தவன் நம் ஊர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் நாம் கைதட்டுவோமா?

இரண்டு பேர் அப்போது பேசினார்கள். முதலாமவர் அணித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டியில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டவர். இந்த அறைக்குள் போர் கிடையாது என்று எல்லோர் முன்பும் சொல்லி டிராட்மனை வரவேற்றார். இரண்டாமவர் அலெக்சாண்டர் ஆல்ட்மன். மான்செஸ்டர் யூத மக்களின் குரு. ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி இங்கிலாந்து வந்தவர். அவருடைய பெற்றோரையும் உறவினரையும் நாஜிகள் கொன்றுவிட்டனர். பேச உரிமை உள்ளவர் ஒருவர் அந்த ஊரில் உண்டென்றால் அது அவர்தாம். அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு நாட்டினர் செய்த கொடுமைக்காகத் தனி மனிதர் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்கு ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம். எதிர்ப்பு மெல்ல அடங்கியது. 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் கழகத்துடன் நடந்த ஆட்டத்தில் சிட்டி 1-0 என்று தோற்றது. ஆனால் கோல் மேல் கோல் விழ வேண்டிய ஆட்டத்தை ஒன்றோடு தடுத்து நிறுத்தியவர் டிராட்மன். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் வரிசையாக நின்று கைதட்டி அவரை வழியனுப்பினர். லண்டன் மக்களும் எழுந்து நின்றனர்.

இதை வாசித்தபோது எங்கள் குழுவில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. காரணத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். சென்ற ஆண்டு எறிபந்துப் போட்டியில் வேறொரு பள்ளி எங்களைத் தோற்கடித்தது. அந்த அணியில் முன்வரிசையில் நின்று ஆடிய மாணவி, தந்தைக்கு மாற்றல் ஆனதால் இவ்வாண்டு எங்கள் வகுப்பிலேயே வந்து சேர்ந்தாள். மூன்று மாதம் அவளை நாங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காரும்போது அவளுக்கு மட்டும் இடம் இருக்காது. சிட்டுக் குலுக்கலில் அவள் எங்கள் குழுவில் விழுந்திருந்தாள். ஆல்ட்மன் எழுதிய கடிதத்தைப் பற்றிய பகுதியை உரக்க வாசித்தவளும் அவளே. வாசித்து முடித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். எங்களைப் பார்க்கவில்லை. மறுநாள் எறிபந்துக்கு அணி பிரித்தபோது அவளை முதலில் அழைத்தோம். அவள் வந்தாள், ஆனால் அன்று அதிகம் பேசவில்லை.

டிராட்மன் கதைக்கு வருவோம். 1956 மே 5-ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் ஆங்கிலக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரணி பர்மிங்காம் சிட்டி. ஆட்டம் முடியப் பதினேழு நிமிடம் இருந்தபோது, ஓடிவந்த பீட்டர் மர்ஃபி என்பவரின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் மோதியது. அக்காலத்தில் அடிபட்டவருக்குப் பதிலாள் இறக்கும் வழக்கம் கிடையாது. கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, கண் மங்கிய நிலையிலேயே நின்று மேலும் இரு முறை கோலைக் காத்தார். சிட்டி 3-1 என்று வென்றது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கழுத்தெலும்பு முறிந்திருந்தது! ஐந்து எலும்புகள் இடம் பெயர்ந்து, அவற்றுள் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் உயிர் போயிருக்கும் என்றனர் மருத்துவர். அவ்வாண்டின் சிறந்த கால்பந்து வீரர் என்று இங்கிலாந்துப் பத்திரிகையாளர்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். இவ்வீரத்தை உலகம் புகழ்கிறது. எங்களுக்கென்னவோ, கழுத்து முறிந்தும் ஆடியதை விட, குண்டு தோண்டியெடுத்ததே பெரிய வீரமாகத் தோன்றுகிறது.

கோப்பை வென்ற சில வாரங்களில் அவருடைய ஐந்து வயது மகன் ஜான் சாலை விபத்தில் இறந்தான். அத்துயரைத் தாங்கிக்கொண்டு மீண்டும் களத்துக்கு வந்தார். 1964 வரை மான்செஸ்டர் சிட்டிக்கு 545 ஆட்டங்கள் ஆடினார். ஜெர்மனி நாட்டு அணிக்கு ஒருமுறைகூட அவர் ஆடியதில்லை. அக்காலத்தில் வெளிநாட்டில் ஆடுபவரை ஜெர்மன் அணியில் சேர்க்க மாட்டார்கள். எந்த நாட்டோடு போரிட்டாரோ அந்த நாடு அவரைச் சொந்தமாக்கிக்கொண்டது. சொந்த நாட்டு அணியில் அவருக்கு இடமில்லை. 2004-இல் ஆங்கில அரசியார் அவருக்கு விருதளித்தார். 2013 ஜூலை 19-இல் ஸ்பெயின் நாட்டில் காலமானார்.

மான்செஸ்டருக்கும் ஜெர்மனிக்கும் இன்னொரு உறவும் உண்டு. அது கண்ணீரால் ஆனது. 1958 பிப்ரவரி 6-ஆம் நாள், அந்நகரின் மற்றொரு கழகமான மான்செஸ்டர் யுனைடெட் அணியினர் பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கினர். பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் மூன்றாம் முறை கிளம்ப முயன்றபோது விமானம் நொறுங்கியது. இருபத்து மூன்று பேர் மாண்டனர். எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். மாண்டவர்களில் ஒருவர் பிராங்க் ஸ்விஃப்ட். மான்செஸ்டர் சிட்டியில் டிராட்மனுக்கு முன் கோல் காத்தவர் அவர்தாம். பத்திரிகையாளராக உடன் சென்றிருந்தார்.

அணியின் மேலாளர் மாட் பஸ்பி நல்ல கத்தோலிக்கர். ஸ்காட்லாந்தில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். மியூனிக் மருத்துவமனையில் இரண்டு முறை அவருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கப்பட்டது. இரண்டு முறையும் பிழைத்தார். பேராசிரியர் கேயோர்க் மௌரர் தலைமையில் ஜெர்மானிய மருத்துவர்களும் தாதியரும் இரவு பகலாகக் காத்து அவரைக் காப்பாற்றினர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நகரத்தின் மேல் மற்றவர் குண்டு போட்டவர்கள் அவ்விரு நாட்டினரும். பத்து ஆண்டுகள் கழித்து, 1968-இல், பஸ்பியின் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அக்கோப்பையை வென்ற முதல் ஆங்கிலக் கழகம் அதுவே.

இனி நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நிறைவாகாது. அவர் பெயர் ஆர்.ஆறுமுகம். மலேசியா நாட்டின் கோல் காவலர்.

மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் கட்டிப் போன ஊர்களில் அன்றைய சேலம் மாவட்டத்து ஊர்களும் உண்டு. எங்கள் குழுவிலேயே ஒருத்தியின் பாட்டியாருக்கு 'பினாங்குச் சித்தப்பா' என்று ஓர் உறவு இருந்திருக்கிறது. அத்தகைய தமிழ் மக்கள் நிறைந்த நாட்டின் அணிக்குக் காவலராய் நின்ற ஆறுமுகத்திற்குக் கை நீளம் மிக அதிகம். எந்த மூலையில் வரும் பந்தையும் எட்டிப் பிடிப்பாராம். ஆகவே 'ஸ்பைடர்மேன்' என்பது மக்கள் வைத்த பெயர். 1977, 1979 ஆண்டுகளில் தென்கிழக்காசிய விளையாட்டில் மலேசியா தங்கம் வென்ற காலத்தவர்.

அந்த அணிக்கு 1979-இல் பயிற்சியாளராய் வந்தவர் கார்ல்-ஹைன்ஸ் வைகாங் என்னும் ஜெர்மானியர். 1966-இல் தென் வியட்நாம் அணியைப் பயிற்றுவித்துக் கோலாலம்பூரின் மெர்டேக்கா கோப்பையை வெல்ல வைத்தவர். மாலி, கானா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலும் பணி செய்தவர். அவர் கையில் கிடைத்த மலேசிய அணியைப் பாருங்கள். தலைவர் சோ சின் ஆன் சீனர். தடுப்பாட்டத்தில் சந்தோக் சிங், சீக்கியர். முன்களத்தில் ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும் கடலுக்கு அப்பால் சபா மாநிலத்தவர். கோலில் நம் ஆறுமுகம். வீட்டில் பேசும் மொழி ஆளுக்கொன்று, வழிபடும் இடமும் ஆளுக்கொன்று. 1969-இல் அந்நாட்டில் இனக்கலவரம் நடந்து அப்போது பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

1980 ஏப்ரல் 6-ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா மைதானத்தில் தென் கொரியாவுடன் ஆட்டம். வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக். ஆட்டம் 1-1 என்று நின்றபோது ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலுக்குள் செலுத்தினார். மலேசியா 2-1 என்று வென்றது. மைதானம் அதிர்ந்தது.

ஆனால் அவர்கள் மாஸ்கோ போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா முதலிய நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. பயிற்சியாளரின் நாடான மேற்கு ஜெர்மனியும் போகவில்லை. அதே மாஸ்கோவில், அதே 1980-இல், தமிழ்நாட்டு வீரர் வி.பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. ஒரு தமிழர் மாஸ்கோவில் மேடையேறிய நேரத்தில் இன்னொரு தமிழர், போகத் தகுதி பெற்றும், வீட்டில் இருந்தார். அரசுகள் செய்தது சரியா தவறா என்று எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அநியாயத்தைக் கண்டிக்க வேறு வழியில்லை என்றனர் மூவர். அதற்கு ஆட்டக்காரர் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்றனர் மூவர். வாக்கு சரிபாதியாக நின்றதால் அப்படியே விட்டுவிட்டோம். மலேசியக் கால்பந்து அணி அதன் பிறகு ஒருமுறைகூட ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை.

ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. வைகாங் 2017-இல் ஜெர்மனியில் மறைந்தார். இடையில், 2016-இல், 1980-ஆம் ஆண்டு அணியை மனத்திற்கொண்டு மலேசியாவில் 'ஓலா போலா' என்றொரு திரைப்படம் எடுத்தார்கள். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். அதில் வரும் பயிற்சியாளருக்கு ஹாரி மௌண்டன் என்று ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. கோல் காவலரை மட்டும் மாற்றவில்லை. அவன் தமிழ்ப் பையன்தான். பெயர் முத்து.